படமும் ஒரு சாட்சி

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் காயல்பட்டினத்தாரின் இரத்தின வணிகம் நிற்கவில்லை. அன்று துளையிட்ட பித்தளைச் சல்லடையில் சலித்து முத்தின் அளவைப் பிரித்தார்கள். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து விலை பேசினார்கள். இன்று இணையத்தில் வாங்குபவர் பொருளைத் தொட இயலாது. படமே அவருக்குக் கண்ணும் கையும்.

எனவே, எந்தக் கேமரா வாங்கலாம் என வினவும் நம் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது: மெகாபிக்சல் எண்ணிக்கையில் மயங்க வேண்டா. திரையில் காட்டும் படத்திற்குப் பழைய 8 மெகாபிக்சல் கேமராவே போதும். பார்க்க வேண்டியவை மூன்று: சிறு பொருளை அருகிலிருந்து தெளிவாகப் பிடிக்கும் மேக்ரோ வசதி, வெள்ளைத் தாளைக் காட்டி நிறத்தைச் சரிசெய்யும் வசதி, முக்காலியில் பொருத்தும் திருகுத் துளை. இவை அமைந்தால் கைமாறி வந்த கேமராவும் நன்றே. மிஞ்சிய பணத்தில் முக்காலி வாங்கலாம். சன்னல் வெளிச்சத்தை மெல்லிய வெண்துணியால் மட்டுப்படுத்தினால் முத்தின்மேல் கூசொளி விழாது. பொருளருகே ஓர் அளவுகோலும் இருக்கட்டும்.

ஒளியியல் மேதை இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாளிர்' நூலின் மூன்றாம் பாகத்தைப் பார்வையின் பிழைகளுக்கே ஒதுக்கினார். கண்ணே பிழைபடுமெனில் கேமரா எம்மாத்திரம்? நிறம் பிசகினால் மஞ்சள் முத்தும் வெண்முத்தாகும். குவியலுக்குள் நனைந்த தானியத்தை வைத்திருந்த வணிகரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. கீறலை மறைக்கும் கோணமும் அந்த ஈரத் தானியமே. கீறல் இருப்பின் அதற்கென்றே ஒரு படம் சேர்ப்போம். விலை சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது.