தீட்டறையும் நீர்த்தொட்டியும்

"தண்ணீருக்குள்ளேயா பிள்ளை பெறப் போகிறாய்?"

தொலைபேசியில் இப்படிக் கேட்டவள் நான். கேட்கப்பட்டவள் என் மகள், இங்கிலாந்திலே பணிபுரிபவள், 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், எட்டுத் திங்கள் கருவைச் சுமந்திருந்தவள்.

"ஆமாம், அம்மா. மருத்துவமனையிலேயே தொட்டி இருக்கிறது. இளவெந்நீர் நிரப்புவார்கள். வலி தாங்க எளிதாக இருக்குமாம்" என்றாள்.

நான் பகுத்தறிவு பேசும் குடும்பத்திலே பிறந்தவள். தாலியின்றி மணந்தவள். நாள் பார்த்ததில்லை, கோள் பார்த்ததில்லை. ஆயினும் அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது என் பாட்டியின் சொல்! "தண்ணீரிலே கிடந்தால் சன்னி கண்டுவிடுமே, கண்ணு!"

மறுமுனையில் சிரிப்பொலி. "அம்மா, இதைச் சொல்வது நீங்களா?"

நாணினேன், தோழர்களே! மூடநம்பிக்கை எங்கோ கோபுரத்து நிழலிலும் மடத்து வாயிலிலும் மட்டுமே குடியிருப்பதாக எண்ணி, அதனைத் தேடித் தேடிச் சாடினோம். அது நம் நாவின் அடியிலேயே பாய் விரித்துப் படுத்திருந்ததை யார் கண்டார்?

சன்னி என்ற சொல் என் நெஞ்சில் ஏறியது 1985-இல். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் என் தாய்வீடு. முதற் பேறு. கொல்லைப்புறத்தில், நெற்குதிருக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் இடையே ஓர் அறை. சாளரம் ஒன்று, அதையும் சாக்கினால் அடைத்திருந்தனர், காற்று 'அடிக்கும்' என்று. தரையிலே பழம்பாய். பழையதாக இருக்கவேண்டும்; ஏனெனில் பிறகு எரித்துவிடவேண்டும். பதினாறு நாள் தீட்டு! அந்தப் பதினாறு நாளும் நான் தொட்டது தீட்டு, என்னைத் தொட்டது தீட்டு, எனக்குச் சோறு வைத்த தட்டுத் தீட்டு.

என் தந்தையார் இயக்கத்தவர். தீட்டென்பது திருட்டுக் கூட்டத்தாரின் கற்பனை என்று எத்தனையோ மேடைகளில் முழங்கியவர். அவர் முழக்கம் கேட்டுக் கைதட்டிய ஊர்கள் பல. ஆனால் அன்று என் அலறல் கேட்டபோது, அந்தக் கொல்லையறையின் வாயிலை அவர் தாண்டவில்லை. திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். அவர்மீது எனக்குச் சினமில்லை. இன்றும் அவரை வணங்காத தலையோடு மதிக்கிறேன். மேடைக்கும் கொல்லைக்கும் நடுவே நூறு அடி தொலைவு; அந்த நூறடியை நடக்க நம்மவர் பலருக்கும் கால் எழவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால், நான் எழுதுவதிலே பொருளில்லை.

இரவெல்லாம் வலி. நா வறண்டது. தண்ணீர் கேட்டேன். "பச்சைத் தண்ணீர் ஆகாது, சன்னி வரும்" என்றார் பாட்டி. வெற்றிலையைக் கிள்ளி வாயில் வைத்தார். மல்லாந்து படுக்கச் சொன்னார், படுத்தேன். புரண்டால் கொடி சுற்றும் என்றார், புரளவில்லை. எல்லோரும் அயர்ந்த ஒரு வேளையில் மருத்துவச்சி என்னிடம் வந்தார். மருத்துவர் சமுதாயத்துப் பெருமூதாட்டி. ஊரிலே பாதிப் பேரை முதன்முதலில் தொட்டுத் தூக்கியவை அவர் கைகள்தாம்; அந்தக் கைகளுக்கு அந்த ஊரில் தனிக் குவளை! பிள்ளையைப் பிடிக்க அவர் வேண்டும். பிடித்த பிறகு அவர் நின்ற இடத்தைச் சாணமிட்டு மெழுகவேண்டும். என்னே நம் நன்றியுணர்வு!

அந்த மூதாட்டி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கும் அடுப்பிலே ஒரு தவலை வெந்நீர் காய்ச்சி வைத்திருந்தார். என்னை எழுப்பிக் குந்தவைத்தார். "கத்தாதே தாயி, பெரியம்மா முழிச்சிக்கும்" என்று காதோடு கூறிவிட்டு, இடுப்பிலே செம்பு செம்பாக ஊற்றினார். கை பொறுக்கும் சூடு. என் உடலிலே முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, பிடியைத் தளர்த்தியது. "அப்பாடா!" என்றேன். அன்றிரவு முழுவதிலும் நான் சொன்ன மனிதச் சொல் அது ஒன்றே. பிறகு ஒரு செம்பு நீரைக் குடிக்கவும் கொடுத்தார். சன்னி வரவில்லை. பொழுது விடியுமுன் மகள் வந்தாள்.

சன்னி எதனால் வந்தது என்பதை மருத்துவ உலகம் என் பாட்டி பிறப்பதற்கு முன்பே அறிந்திருந்தது. 1847-இல், வியன்னா நகரப் பொது மருத்துவமனையில், செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணத்தை அறுத்த கையோடு பேறு பார்த்த மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். பேற்றுக்குப் பின் காய்ச்சல் கண்டு மாளும் தாய்மாரின் தொகை மளமளவெனக் குறைந்தது. கொன்றது தண்ணீர் அன்று, கழுவாத கை! தண்ணீரைத் தாய்க்கு மறுத்தோம், கைக்கும் மறுத்தோம். இரண்டையும் செய்துவிட்டு, தலைவிதி என்றோம்.

அதே 1847-இல், எடின்பரோவில் சிம்சன் என்னும் மருத்துவர், பிள்ளைபெறும் பெண்ணின் வலியைத் தணிக்க முதலில் ஈதரையும் பின்னர் குளோரோபாரத்தையும் பயன்படுத்தினார். பெண் வேதனையுற்றே பிள்ளை பெறவேண்டும் என்பது ஏவாளுக்குக் கடவுள் இட்ட சாபம் ஆயிற்றே, அதை மாற்ற மனிதன் யார் என்று ஆட்சேபம் எழும் என்றறிந்து, மதவாதிகளுக்கு விடையாகத் தனி வெளியீடே எழுதினார் சிம்சன். 1853-இல் விக்டோரியா அரசியாரே தம் எட்டாவது பேற்றின்போது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் கையால் குளோரோபாரம் பெற்றுக்கொண்டார். அரசி முகர்ந்த பிறகு சாபத்தின் வீரியம் சற்றே குறைந்தது! சாபங்களின் இயல்பே அப்படித்தான். அரண்மனை வாயிலில் அவற்றுக்குக் கால் தடுக்கும்.

இனி நீர்த்தொட்டிக்கு வருவோம். நீரிலே பிள்ளை பிறந்த செய்தி புதிதன்று. பிரான்சில் 1805-இல் வெளியான மருத்துவக் குறிப்பொன்று, இரண்டு நாள் வலியால் களைத்த ஒருத்தி வெந்நீர்த் தொட்டியில் இறங்கியதும் விரைவில் பிள்ளை பெற்றதைக் கூறுகிறது. அதே நாட்டில், பித்திவியே என்னும் சிற்றூரின் அரசு மருத்துவமனையில், மிஷேல் ஒதான் என்ற அறுவை மருத்துவர், இடுப்புவலி கண்ட பெண்கள் இளைப்பாற வெந்நீர்த் தொட்டி அமைத்தார். வலி தணிவதே நோக்கம். ஆனால் சிலர் வெளியேற மனமின்றியோ நேரமின்றியோ நீரிலேயே பெற்றுவிட்டனர். அப்படிப்பட்ட நூறு பேறுகள் பற்றி அவர் 1983-இல் 'லான்செட்' ஏட்டில் எழுதினார். 1992-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் நலவாழ்வுக் குழு, இயன்ற இடமெல்லாம் மருத்துவமனைகள் இத்தகைய தொட்டி வசதியைத் தாய்மாருக்கு அளிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனையில், கட்டணமின்றி, என் மகளுக்குத் தொட்டி கிடைத்ததன் வரலாறு இதுதான்.

பனி பெய்துகொண்டிருந்த ஒரு பின்னிரவில் அந்த அறைக்குள் நான் சென்றேன். ஆம், சென்றேன், மருமகனும் வந்தார். எவரும் எங்களை வாயிலில் நிறுத்தவில்லை. நடுவே அகன்ற தொட்டி. அமர்ந்தால் மார்பளவு நீர். செவிலித்தாய் ஒருவர் வெப்பமானியால் நீரின் சூட்டை அளந்து அளந்து எழுதினார். 37.5 பாகைக்கு மேல் போகக்கூடாது. தாயின் உடற்சூடு ஏறினால் பிள்ளைக்கு ஆகாது. கருப்பை வாய் போதிய அளவு விரிந்து வலி சீராக வரும்வரை மகளை இறங்க விடவில்லை. முன்னதாக இறங்கினால் வலியே மந்தப்பட்டுவிடக்கூடுமாம்.

இறங்கினாள். தோள் தாழ்ந்தது. கண்ணை மூடினாள்.

"அப்பாடா!"

முப்பத்திரண்டு ஆண்டுக்கு முன் நான் சொன்ன அதே சொல். என் கண் கலங்கியது, பனியென்று சொல்லிக்கொண்டேன்.

அவள் பின்னர் விளக்கியதை எழுதுகிறேன். வலி மறைந்துவிடவில்லை, மறைந்ததாகச் சொல்வோர் பொய்யர். ஒவ்வோர் அலையும் வந்தது. ஆனால் அலைக்கும் அலைக்கும் இடையே உடலுக்கு எடை இல்லை. வயிறு தன்னைக் கீழே இழுக்கவில்லை. முழங்காலிட்டாள், குந்தினாள், தொட்டி விளிம்பில் தலைசாய்த்து மிதந்தாள். தரையில் புரளவும் முடியாதவள், நீரில் மீனெனத் திரும்பினாள். மேலும் ஒன்று கூறினாள்: "அம்மா, என்னைச் சுற்றி நீர் இருந்ததால், யாரும் சட்டென்று என்மேல் கைவைக்க முடியாது. கேட்டுத்தான் தொடவேண்டும். அந்த அறையில் முதன்முதலாக என் உடல் எனக்குச் சொந்தமாக இருந்தது."

எடை குறைவதன் காரணம் ஆர்க்கிமிடீஸ் அறிந்தது. இளஞ்சூட்டில் தசை தளர்வதும், அச்சம் குறைந்தால் உடல் தன் வேலையைத் தடையின்றிச் செய்வதும் உடலியலார் கூறுவன. பிள்ளை மூச்சுத் திணறாதா என்பீர்கள், நானும் கேட்டேன். பிள்ளைக்கு உயிர்வளி தருவது அந்த நேரத்தில் கொடி, நுரையீரல் அன்று. குளிர்காற்று முகத்தில் பட்டதும்தான் முதல் மூச்சு கிளம்பும். ஆகவேதான் தலை வெளிப்பட்டபின் காற்றுப் பட்டால், மீண்டும் அதை நீருக்குள் விடக்கூடாது. கொடி அறாதபடி பையத் தூக்கவேண்டும்.

ஐந்து மணி நேரம் தொட்டியில் இருந்தாள். நாங்கள் எல்லோரும் நீரிலேயே பேறு நிகழும் என்றிருந்தோம். திடீரெனச் செவிலித்தாய் விளக்கைக் கூட்டிக் குனிந்தார். நீரிலே பச்சைக் கலங்கல். பிள்ளை உள்ளேயே மலங்கழித்துவிட்டது. "நீங்கள் வெளியே வரவேண்டும்" என்றார். ஏன் என்பதையும் அவளிடமே எடுத்துரைத்தார். வந்தாள். பிள்ளையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கணிக்கும் கருவியை வயிற்றில் கட்டினர். ஒரு மணி நேரத்துக்குள் கட்டிலின் ஓரத்தில், பக்கவாட்டில் சாய்ந்தபடி, ஆண்மகவொன்றைப் பெற்றாள். வீறிட்டு அழுதான். மருத்துவர் சோதித்துக் குறையொன்றும் இல்லை என்றார்.

மறுநாள் மகள் முகம் வாடியிருந்தது. "நான் தோற்றுவிட்டேனா, அம்மா?"

தோல்வியா? எங்கிருந்து வந்தது இச்சொல்? அவள் தோழியர் கூட்டமொன்று அவளுக்கு ஊட்டியிருந்தது என்று பிறகு அறிந்தேன். மருந்து தொடாமல், மருத்துவர் கைபடாமல், நீரிலே, 'இயற்கையாக'ப் பெற்றவளே முழுமையான தாய் என்னும் புதிய சாத்திரம்! பழைய சாத்திரம் வலியைப் புனிதமாக்கியது. புதியது தண்ணீரைப் புனிதமாக்குகிறது. சோவியத் நாட்டில் சார்கோவ்ஸ்கி என்பவர், நீரில் பிறந்த பிள்ளை பிறரினும் ஆற்றல் மிக்கதாக வளரும் என்று பரப்பினார், மெய்ப்பிக்கப்பட்டதில்லை. நம் திருப்பூரிலேயே 2018-இல், காணொளிப் படங்களை வழிகாட்டியாகக் கொண்டு வீட்டில் நடத்திய பேற்றில் இளந்தாய் ஒருத்தி மாண்டாள். இயற்கை, இயற்கை என்கிறார்களே, பிள்ளைப்பேற்றிலே தாய் சாவதும் இயற்கைதான். அதை எதிர்த்துத்தானே மனிதன் மருத்துவம் கண்டான்?

ஆய்வு என்ன சொல்கிறது? 2018-இல் காக்ரேன் நிறுவனத்தார் 15 ஆய்வுகளை, 3,663 பெண்களைப் பற்றியவற்றை, ஒருங்கே எடைபோட்டனர். வலியின் முதற்கட்டத்தில் நீரில் இருந்தவர்களுக்கு முதுகுத்தண்டு வழி மரப்பூசி ஓரளவு குறைவாகவே தேவைப்பட்டது. பிள்ளைகளுக்குத் தீங்கு கூடியதாகத் தெரியவில்லை. நீருக்குள்ளேயே பெறுவதுபற்றி அறிஞரிடையே வேறுபாடு உண்டு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2016-இல், வலிக்கு நீர் சரி, பேறு தரையில் நடக்கட்டும் என்றது. 2024-இல் கார்டிப் பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் வெளியிட்ட பேராய்வோ, சிக்கலற்ற பேறுகளில் நீருக்குள் பெறுவதால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு மிகவில்லை என்றது. தேங்கிய வெந்நீரில் லெஜியோனெல்லா என்னும் கிருமி வளர்ந்து சிசுக்களைத் தாக்கியதும் உண்டு. ஆகவே பல நாள் முன்பே நிரப்பிச் சூடேற்றி வைத்த தொட்டி ஆகாது.

இவ்வளவையும் என் மகளிடம் ஒப்புவித்தேனா? இல்லை. 2024-ஆம் ஆண்டு ஆய்வு அன்று வரவும் இல்லை. "தொட்டி உனக்காக, நீ தொட்டிக்காக அன்று. ஐந்து மணி நேரம் வேலை செய்தது. பிறகு வேறொன்று தேவைப்பட்டது. கொடுத்தார்கள்" என்றேன். அவள் விடைகூறவில்லை. மெல்ல, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நம் மாநிலத்தில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. கொல்லையறை ஒழிந்தது, இது எளிய வெற்றியன்று. எனினும் அண்மையில் உறவுப்பெண் ஒருத்தியுடன் ஒரு பேற்றறை வரை சென்றேன். வரிசையாகக் கட்டில்கள். எல்லோரும் மல்லாந்தே கிடந்தனர். அலறிய ஒருத்தியை, "அப்போது இனித்ததா?" என்று அதட்டியது ஒரு குரல். தொட்டி வேண்டாம், தோழர்களே. நம் மருத்துவமனைகளுக்கு அது இன்று எட்டாப் பொருளாகவே இருக்கட்டும். எழுந்து நடக்க ஓரிடம், குந்துவதற்கு உரிமை, பக்கத்தில் ஒரு தாயோ கணவனோ, இடுப்பில் ஊற்ற ஒரு வாளி வெந்நீர்: இவற்றுக்கு எத்தனை கோடி வேண்டும்?

பேரன் பிறந்த மூன்றாம் நாள், மகளை நாற்காலியில் அமர்த்தி நானே நீராட்டினேன். குளியலறைக் கண்ணாடியில் நீராவி படர்ந்தது. கொல்லையறையில் எனக்கு ஊற்றிய அந்த மூதாட்டியின் பெயர் என்ன அம்மா என்று கேட்டாள். ஊரார் எல்லோரும் 'மருத்துவச்சி' என்றே அழைத்தோம். நான் பெயரைக் கேட்டதே இல்லை.