பதினாறாவது பெயர்

2015 செப்டம்பர், அக்டோபரில் ஜோகூரில் இருந்தவர்களுக்கு அந்தப் புகைமூட்டம் மறந்திருக்காது. சுமத்ராவில் எரிந்தது, ஸ்கூடாயில் எங்கள் மூக்குக்குள் வந்தது. பள்ளிக்கூடங்களையே சில நாள் மூடினார்கள். யூடிஎம்மில் எங்கள் கோலேஜின் காற்பந்துப் பருவம் அந்தப் புகைக்குள்தான் நடந்தது. கோலேஜ் என்றால் மாணவர் விடுதி. எங்களுடையதில் ஆட்கள் குறைவு, ஆடத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்த ஆண்டு மொத்தமே ஐந்து ஆட்டம்தான்.

நான் அணிச் செயலாளர். பந்து ஆடத் தெரியாமல் மலாயில் கடிதம் எழுத மட்டும் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் பதவி அது. ஐஸ் பெட்டி தூக்கணும், ஜெர்சி எண்ணி வாங்கணும், பாரம் நிரப்பணும்.

அணியில் தமிழர் இரண்டு பேர். ஆடியவர் அண்ணன், ஆடாதவன் நான். அண்ணன் டிப்ளோமா முடித்து, சில வருஷம் வேலை செய்துவிட்டு, இருபத்தைந்து வயதில் மெக்கானிக்கல் படிக்க வந்தவர். ராத்திரியில் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். கூலாய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா தோட்ட அணிக்குக் கோல்காவலர். வீட்டுச் சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் பேப்பரில் வெட்டிய ஆர். ஆறுமுகம் படம் இருந்ததாம். நாடே ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்ட ஆறுமுகம். 1980இல் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அணி போகவில்லை. 1988இல் சாலை விபத்தில் ஆறுமுகமும் போய்விட்டார். "ஜெயிச்சும் போகாதவங்க கதைய எங்கப்பா நூறு தடவ சொல்லிருப்பாரு தம்பி," என்பார் அண்ணன். அந்தத் தோட்டம் இப்போது தாமான். திடல் இருந்த இடத்தில் கடைவீடுகள்.

முதல் ஆட்டம் சமன். இரண்டாவதில் அண்ணன் அடித்த ஒரு ஃபிரீ கிக், சுவராக நின்றவர்களின் தலைக்கு மேலே ஏறி, கடைசி நிமிஷத்தில் யாரோ கூப்பிட்டது மாதிரி கீழே இறங்கியது. 2-1. மூன்றாவதுக்கு ஷிப்டால் அவர் வரவில்லை, மூன்று கோல் வாங்கினோம். நான்காவதுக்கு வந்தார், 1-0. எங்கள் கோலேஜ் காலிறுதிக்குப் போய்விட்டது என்பதை நாங்களே நம்பவில்லை.

காலிறுதிக்குப் புதிய பட்டியல் கேட்டார்கள். பதினாறு பேர், மெட்ரிக் கார்டு நகலோடு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள். அந்த வாரம் புகையால் பயிற்சி நேரம் மாறிக்கொண்டே இருந்தது. வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவோம். அண்ணனிடம் இருந்தது பழைய நோக்கியா. அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது என் வேலை. இரண்டு முறை அனுப்பவில்லை. மறதியா சோம்பலா, இரண்டும்தான்.

பதினைந்து பெயர் எழுதியாகிவிட்டது. கேப்டன் மலாயில் கேட்டான், "உன் கூட்டாளி ரெண்டு பயிற்சிக்கு வரல. ஆட்டத்துக்கு வருவாரா?"

வருவார் என்று எனக்குத் தெரியும். ஒரு போன் அடித்தால் ஷிப்டை மாற்றிக்கொண்டு வருவார். "தெரியல" என்றேன். பயிற்சிக்கு வராதவர் பெயரை நான் போய்ச் சொன்னால், இந்தியன் இந்தியனுக்குத்தான் பார்ப்பான் என்று யாராவது நினைப்பார்களே என்று இருந்தது. அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த அணியில் அப்படிச் சொல்லக்கூடிய ஆளும் இல்லை. என் தலைக்குள் இருந்த ஒருத்தன்தான் சொன்னான். பதினாறாவது கட்டத்தில் ஒரு முதலாண்டுப் பையன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

யாரோ சொல்லி நேரம் தெரிந்து, அண்ணன் ராத்திரி ஷிப்டைத் தள்ளி வைத்துவிட்டு மோட்டாரில் வந்து இறங்கினார். பூட்ஸ் ஹேண்டிலில் தொங்கியது. அதிகாரி பட்டியலை விரலால் ஒருமுறை கீழிருந்து மேலே தடவிப் பார்த்தார். இல்லை என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"எழுத மறந்துட்டியா?"

"ஆமாண்ணே. மறந்துட்டேன்."

"பரவால்ல லா. இந்தா, பெட்டிய கொண்டா." பூட்ஸைப் போடாமலே ஆட்டம் முடியும்வரை எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நான்கு கோல் வாங்கினோம்.

அடுத்த வாரம், அக்டோபர் 31, ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டம். தாமான் யுனிவர்சிட்டி மாமாக் கடையில் நாற்காலி கிடைக்கவில்லை, நின்றுகொண்டே பார்த்தோம். ஜேடிடி அங்கே வந்த கதையே விநோதம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் குவைத்தின் அல் காட்சியாவிடம் தோற்றிருந்தார்கள். இரண்டாவது ஆட்டம் லார்க்கினில் நடக்க வேண்டும். அதற்குள் குவைத் காற்பந்துச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. எதிரணி இல்லாமலே ஜேடிடி உள்ளே. தஜிகிஸ்தானின் இஸ்திக்லோலும் இன்னொரு குவைத் அணி விலக்கப்பட்டதால் வந்ததுதான். துஷான்பேயில் வெலாஸ்குவெஸ் அடித்த ஒரே கோலில் தென்கிழக்காசியாவின் முதல் ஏஎஃப்சி கிண்ணம் ஜோகூருக்கு வந்தது. கடையே எழுந்து கத்தியது, மேசையிலிருந்த தே தாரேக் கவிழ்ந்தது.

"பாத்தியா, ஒரு கடுதாசில உள்ள வந்தானுங்க," என்று சிரித்தார் அண்ணன். அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை, நிச்சயமாக. அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "தே'க்கு நான் குடுக்குறேண்ணே" என்றேன்.

இப்போது அவர் துவாஸில் வேலை. தினமும் விடியற்காலையில் இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போகிறார். போன தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பையனுக்கு நான்கு வயது, கூடத்திலேயே பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "காலிறுதிக்கு என் பேர எழுத மறந்துட்ட செக்ரட்டரி இவன்தான்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி முறுக்குத் தட்டை நீட்டினார். நானும் சிரித்துக்கொண்டே ஒன்று எடுத்துக்கொண்டேன்.