காரை ஏன் மறுபடி உயர்த்தினேன்



போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், இரண்டு பொடியன்கள் எனது விட்ஸ் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து டயருக்கும் மட்கார்ட்டுக்கும் இடையில் விரலை விட்டு அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் போன வருடம் வரை என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். "சேர், நல்லா லோ பண்ணி வெச்சிருந்தீங்க, ஏன் திரும்ப உசத்தினீங்க?" என்று கேட்டான். நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனது கார் 2008ஆம் ஆண்டு விட்ஸ். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதிய கார் என்ற நினைப்பே நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்குப் போய்விட்டது. 2025இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் இருக்கிறதையே அழகாக்கலாம் என்று ஆசை. முன் ஷொக் இரண்டும் ஏற்கனவே ஒயில் கசிந்துகொண்டிருந்தன. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதோடு கொயில்ஓவர் போட்டால் என்ன என்று யோசித்தேன். வீட்டில் சொன்ன காரணம் "ஷொக் போய்ட்டு" என்பது மட்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் பாவித்த செட் ஒன்று கிடைத்தது. நாலும் நல்லது என்றார் கடைக்காரர். ஊருக்குக் கொண்டுவந்து துடைத்துப் பார்த்தால் பின் ஷொக் ஒன்றில் ஒயில் ஈரம். திருப்பி அனுப்பி மாற்றி எடுக்க மூன்று கிழமை போனது. பாவித்த ஷொக் வாங்குபவர்கள் தண்டைக் கையால் முழுக்க அமுக்கி, மேலே வரும் வேகத்தைப் பாருங்கள். நான் பெட்டியின் அழகைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தவன்.

பூட்டித் தந்தது ஊரிலுள்ள ஒரு கராஜில் வேலை செய்யும் தம்பி. அவனும் எனது மாணவன்தான், பரீட்சையில் பெரிதாகச் சோபிக்காதவன். விட்ஸில் முன் ஷொக்கின் மேல் நட்டுத் தெரிய வேண்டும் என்றால் வைப்பர் கைகளையும் அதற்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கவரையும் கழற்ற வேண்டும். அதற்கே ஒரு மணித்தியாலம். பிறகு பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஸ்டெபிலைசர் லிங்க், கீழே இரண்டு பெரிய போல்ட். பழைய ஷொக்கின் மேல் மவுண்டைப் புதியதுக்கு மாற்றுவதற்காக ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அமுக்கும்போது, "சேர், இந்தப் பக்கம் நிக்காதீங்க" என்று என்னைத் தள்ளி நிறுத்தினான். கரும்பலகையில் சுருளி வில் கீறி, அதில் சேமிக்கப்படும் சக்தி என்று பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன். அது நழுவினால் முகத்துக்கு என்ன ஆகும் என்று அன்றுதான் உண்மையாகப் பயந்தேன்.

பின்பக்கம் சுகம். விட்ஸில் பின் ஸ்பிரிங் வேறு, ஷொக் வேறு. ஸ்பிரிங்குக்குக் கீழே திருகு வளையம் ஒன்று வரும், அதை சி ஸ்பேனரால் சுற்றி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முன்னுக்கு ஷொக்கின் அடிப்பகுதியையே திருகி நீளத்தை மாற்றுவது. போல்ட்டுகளை எல்லாம் அவன் அரைவாசி மட்டுமே இறுக்கிவிட்டு, காரை ஜக்கிலிருந்து இறக்கி, பாரம் சில்லில் இருக்கும்போதுதான் கடைசியாக இறுக்கினான். தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடுமாம். அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எவ்வளவு இறக்குவது என்பதில்தான் பிழை. அவன் கேட்டது ஒரே கேள்வி: "சேர், கார்ல எத்தன பேர் ஏறுவீங்க?" நான் சொன்ன பதில், "கூட நான் மட்டும்தான்." அப்படியென்றால் 5 சென்றிமீற்றர் போகலாம், ஆனால் யோசிச்சுக்கோங்க என்றான். நான் யோசிக்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, தனியாக ஓட அருமையாக இருந்தது. அஸருக்குப் பிறகு சம்மாந்துறையிலிருந்து காரைதீவுச் சந்திக்கு வந்து கல்முனை வரை போய்த் திரும்பினேன். வளைவில் கார் சாயவே இல்லை. ஹம்ப்புகளை மட்டும் சரிவாக எடுத்தேன். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எலைன்மென்ட் பார்க்க மட்டும் சோம்பல்பட்டு மூன்று கிழமை இழுத்தேன். உயரம் மாறினால் முன்சில்லின் கோணமும் மாறும். அதற்குள் முன் டயர் இரண்டும் உள்பக்க ஓரம் தேய்ந்துவிட்டன. அது தனிச் செலவு.

இரண்டு மாதம் கழித்து உம்மாவின் முழங்காலுக்குக் கண்டியில் டொக்டரைப் பார்க்க நாள் கிடைத்தது. நான், மனைவி, பின்னுக்கு உம்மா, ராத்தா, ராத்தாவின் மகள். டிக்கியில் பேக்குகள். சுபஹு தொழுதுவிட்டு இருட்டோடு வெளிக்கிட்டோம். உகனை தாண்டியதும் எதிரே வந்த பஸ், லொறி எல்லாம் எனக்கு லைட் அடிக்கத் தொடங்கின. ஹைபீமில் போகிறேன் என்று நினைத்தார்கள். நான் போட்டிருந்தது டிம். பின்பக்கம் அமுங்கியதால் முன் லைட் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மஹாஓயா வரைக்கும் யானைக்குப் பயந்து, அந்த லைட்டையும் வைத்துக்கொண்டு ஓடினேன்.

ரோட்டில் சின்னப் பள்ளம் வந்தாலும் பின்னுக்கு "டக்" என்று அடி. ஒவ்வொரு அடிக்கும் உம்மா ஒன்றும் சொல்லாமல் முன் சீட்டை இறுக்கிப் பிடித்தா. ஹசலக்க தாண்டி 18 வளைவு ஏறும்போது, முழுக்க முறித்துத் திருப்பும் இடங்களில் டயர் உள் கவரில் உரசும் சத்தம். பாதி ஏறியதும் ஓரமாக நிறுத்தினேன். உம்மாவை இறக்கக் கதவைத் திறந்தால், அவவால் எழும்ப முடியவில்லை. இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. "குழிக்குள்ள இருந்து ஏறுற மாதிரி இரிக்கி மனே" என்று சிரித்தா.

அப்போதுதான் ராத்தா மெதுவாகச் சொன்னா. வெள்ளிக்கிழமைகளில் சாச்சி வீட்டுக்குப் போவதை உம்மா இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தா. எங்களிடம் சொன்னது "அலுப்பு". உண்மைக் காரணம் இந்தக் கார். ஆசையாகச் செய்திருக்கிறான், சொன்னால் கவலைப்படுவான் என்று வாயைத் திறக்கவில்லை. நான் ஷொக் போய்ட்டு என்று சொன்னதைப் போலவே அவவும் அலுப்பு என்று சொல்லியிருக்கிறா.

கண்டியிலிருந்து வந்த மறுநாளே கராஜுக்குப் போனேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, சி ஸ்பேனரை எடுத்தான். இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று, தெரிந்தவரின் அரிசி மில்லில் 25 கிலோ மூட்டை 7 கடனாக வாங்கி, 6ஐப் பின் சீட்டிலும் ஒன்றை டிக்கியிலும் வைத்தோம். பின் ஸ்பிரிங்கில் 4 என்று போட்டிருக்கிறது. அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுக்க 4 கிலோ, இரண்டுக்கும் 8. அப்படியானால் 175 கிலோவுக்கு 22 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். அளந்தால் 25. ஸ்பிரிங் சில்லுக்கு நேரே இல்லாததால் கொஞ்சம் கூட இறங்குகிறது. 5 சென்றிமீற்றர் இறக்கியிருந்தபோது வெறும் காரிலேயே ஷொக் ரப்பரில் முட்ட இருந்த இடைவெளி 3 சென்றிமீற்றர்தான். பாரம் ஏறினால் மிச்சம் 5 மில்லிமீற்றர். பள்ளம் அதைக் கேட்டுக்கொண்டா வரும்?

இப்போது கொம்பனி உயரத்தைவிட 2 சென்றிமீற்றர் மட்டும் கீழே. அரிசி மூட்டையோடு கூட 35 மில்லிமீற்றர் மிச்சம் இருக்கிறது. மூட்டைகளை வைத்துக்கொண்டே அம்பாறை வரை ஓடி, ஹம்ப்புகளில் நேராக ஏறி இறங்கி, டயர் உரசுகிறதா என்று மட்கார்ட்டுக்குள் சோக்குப் பூசியும் பார்த்தோம். சோக்கு அழியவில்லை. ஷொக்கின் இறுக்கத்தையும் நன்றாகத் தளர்த்தினோம். அன்றே எலைன்மென்ட், லைட் உயரம் இரண்டும் சரி பார்த்தாயிற்று.

போன வெள்ளி அஸருக்குப் பிறகு உம்மாவைச் சாச்சி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கதவைத் திறந்துவிட்டுக் கையை நீட்டினேன். அவ ஒரு காலை வெளியே வைத்தா, கதவைப் பிடித்தா, எனது கையைத் தொடாமல் எழும்பினா.

தம்பிமார்களே, சி ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. தேவைப்பட்டால் வந்து எடுங்கள், திருப்பித் தரவும் வேண்டும். அரிசி மூட்டைக்கு மட்டும் நீங்களே மில்லில் கதைத்துக்கொள்ளுங்கள்.