ஐம்பதும் அறுபதும்

அளவுகள் யாவும் இயற்கையின் பாற்பட்டவை எனக் கருதுவது நம்மிடையே ஊறிய பழக்கம். ஆயின், தொலைக்காட்சிப் படம் ஐரோப்பாவில் வினாடிக்கு 50 முறையும் வட அமெரிக்காவில் 60 முறையும் வரையப்பட்டமைக்கு இயற்கையில் எவ்விதக் காரணமுமில்லை. 1890களில் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கம்பனி 50 சுற்று ஆடலோட்டத்தையும், அமெரிக்காவின் வெஸ்ரிங்ஹவுஸ் கம்பனி 60 சுற்றையும் தெரிந்துகொண்டன. தத்தம் சந்தைகளில் அவற்றை நிலைநாட்டின. பின்வந்த தொலைக்காட்சியும் அந்தந்த மின்சாரத்தின் துடிப்பையே பின்பற்றிற்று. நிறம் வந்தபோது பிளவு மேலும் ஆழமாயிற்று: 1953இல் அமெரிக்கா என்.ரி.எஸ்.சி. முறையை ஏற்றது, 1967இல் பிரித்தானியாவும் மேற்கு ஜெர்மனியும் 'பால்' முறையில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கின. யப்பானிலோ, கிழக்கே ஜெர்மன் மின்பிறப்பாக்கிகளும் மேற்கே அமெரிக்க மின்பிறப்பாக்கிகளும் வாங்கப்பட்டமையால் இன்றும் ஒரே நாட்டில் இரு மீடிறன்கள். (அதே யப்பானின் உதவியோடு 1982இல் தொடங்கிய நமது ரூபவாஹினி, யப்பானின் வண்ண முறையை விடுத்து 'பால்' முறையையே கைக்கொண்டது.)

இவ்வெல்லைக்கோடு, 1982இல் வெளிவந்த கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணினியின் வயிற்றுக்குள்ளும் புகுந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொண்ட அவ்வியந்திரம் இரு சாதிகளாகப் பிறந்தது. படம் வரையும் சிப் அமெரிக்கச் சாதியில் 6567. ஐரோப்பியச் சாதியில் 6569. நேரம் அளக்கும் பளிங்கு முன்னதில் 14.318 மெகாஹேட்ஸ்; பின்னதில் 17.734. அமெரிக்க இயந்திரம் சற்றே விரைவாக ஓடினும், ஒரு படத்துக்கு 263 வரி, வரிக்கு 65 துடிப்பு என 17,095 துடிப்புகளே அதற்குக் கிடைக்கும். ஐரோப்பிய இயந்திரத்துக்கு 312 வரி, 63 துடிப்பு; ஆக 19,656.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. ஒல்லாந்திலும் ஜெர்மனியிலும் சுவீடனிலும் பள்ளிப் பருவத்து இளைஞர் பலர், ஊதியம் எதுவுமின்றி, இத்துடிப்புகளை ஒவ்வொன்றாய் எண்ணிச் சித்திரமும் இசையும் படைத்தனர். இயந்திரத்தை ஆக்கியோரே எதிர்பாராத ஆற்றல்களை அதிலிருந்து வெளிக்கொணர்ந்தனர். அப்படைப்புகள் பல அமெரிக்க இயந்திரத்தில் நடுங்கும், சிதறும், நின்றுவிடும். படத்துடிப்பைத் தாளமாகக் கொண்ட இசை ஐந்திலொரு பங்கு விரைந்து ஓடி அலங்கோலமாகும்.

நமது கைக்கு வந்தது ரொறன்ரோவில் வாங்கப்பட்ட இயந்திரம். இக்காலத் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் இரு முறைகளையும் ஏற்பதால் படம் தெரிந்தது. மேற்கூறிய படைப்புகளே ஓடவில்லை. ஆகவே மாற்றத் துணிந்தோம். 120 வோல்ட் மின்வழங்கியை நீக்கி, நமது 230 வோல்டுக்கு உரியதை இணைத்தல் முதல் வேலை. அடுத்து, தகரக் கூட்டுக்குள் தாங்கியில் அமர்ந்திருந்த சிப்பை மெல்ல நெம்பி எடுத்தோம். பளிங்கைப் பற்றாசுக்கோலால் இளக்கி அகற்றி, நேரச் சுற்றின் சிறு இணைப்பொன்றையும் இடம் மாற்றினோம். வழிகாட்டியது எது? கம்பனியே அக்காலத்தில் வெளியிட்ட கைநூலின் இறுதியில் மடித்து வைத்திருந்த முழு மின்சுற்றுப் படம். விற்ற பொருளின் உள்ளமைப்பை வாங்கியவர் அறியலாகாது எனத் திருகாணிக்கும் பூட்டுப் போடும் இன்றைய உற்பத்தியாளரை எண்ணுங்கால், அந்த ஒரு தாளின் பெறுமதி விளங்கும்.

இயந்திரத்தின் நிரந்தர நினைவகம் இரு சாதிக்கும் பொதுவானதே. முதற்பதிப்பு நீங்கலாக, விழிக்கும்போதெல்லாம் அது வரிகளைச் சோதித்துத் தான் எந்நாட்டது என்பதை அறிந்துகொள்ளும். அவ்வாறே அறிந்துகொண்டது, நடுங்கிய சித்திரங்கள் நிலைத்து நின்றன. ஆயினும் மின்சாரத் துடிப்பை எண்ணும் உட்கடிகாரத்துக்கு, இது 50 எனச் செய்நிரல் உணர்த்தாவிடில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அமெரிக்காவில் எழுதப்பட்ட விளையாட்டுகள் சிலவும் இப்போது சோம்பி ஓடுகின்றன. அவற்றின் சுருதி தாழ்ந்துவிட்டது.

நம்மை உறுத்திய வினா வேறொன்று. 1994இல் கம்பனி முறிந்தது. இச்சிப்புகளை இன்று எவரும் வார்ப்பதில்லை. அசல் சிப்பைக் கொண்டே ஓர் இயந்திரம் சாதி மாறவேண்டுமெனில் பெரும்பாலும் இன்னொன்று தன் கண்ணை ஈயவேண்டும். நன்றாய் ஓடும் இயந்திரத்தைப் பிரித்துச் சிப்பை விற்கும் வியாபாரம் நடக்கிறது. அதற்கு நாம் உடன்படோம். நாம் பெற்ற 6569, பலகை அரித்துப் பயனற்றுப்போன இயந்திரமொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. கழற்றிய 6567ஐயும் பளிங்கையும் ஈயத்தாளிற் சுற்றி ரொறன்ரோவுக்கே திருப்பியனுப்பினோம். அங்கே படச்சிப் பழுதுற்ற இயந்திரமொன்று காத்திருப்பதாக உறவினர் எழுதியிருந்தார்.