அது கத்தி இல்ல சார்

எங்கள் பூர்வீக வீட்டு வாசல் கதவில் கரையான் ஏறிவிட்டது. கதவு நல்ல தேக்கு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்ப்பலகையைச் சுற்றி ஓடும் பீடிங்கில் ஒன்றரை அடி மட்டும் தொட்டால் மாவாக உதிர்ந்தது. தேக்கிலும் வைரம் பாயாத வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தைக் கரையான் விடாது. அப்படி ஒரு சட்டம் அதில் சேர்ந்திருக்கிறது.

மெஷினில் பீடிங் அடித்துத் தரும் கடைக்குப் போனேன். ரௌட்டரில் மாட்டும் பிட்டுகளை வரிசையாக எடுத்துக் காட்டினார்கள். எதுவும் எங்கள் கதவோடு சேரவில்லை. எங்களுடையதில் ஒரு அரை உருண்டை, அதை ஒட்டி ஒரு மெல்லிய பள்ளம், அப்புறம் ஒரு சின்னப் படி. "நாலு பக்கமும் பிடுங்கிட்டுப் புதுசா அடிச்சிரலாம் சார்" என்றார்கள். ஒன்றரை அடிக்காகத் தாத்தா காலத்து வேலை முழுவதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

தெரிந்தவர் ஒருவர் பழைய வேலை அறிந்த ஒரு தச்சரை அனுப்பிவைத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கதவைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என்னைத் தெரியுதா சார்? ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. எண்பத்தேழாம் வருசம்."

தெரியவில்லை. பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ முகங்கள். தெரிந்த மாதிரி சிரித்துவைத்தேன்.

அவர் பையிலிருந்து ஒரு சின்ன மரக்கட்டையை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு பக்கம் படி மாதிரி வெட்டியிருந்தது. நடுவில் ரம்பத்தால் கீறிய ஒரு பிளவு, அதில் சொருகியிருந்த மெல்லிய இரும்புத் துண்டு, அதை இறுக்கிப் பிடிக்க இரண்டு திருகாணிகள். அந்த இரும்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

1987. வட்டம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் குனிந்து தரையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால், உடைந்த ஆக்ஸா பிளேடு, முனை பளபளவென்று. "வகுப்பில கத்தி தீட்டுறியாடா?" என்று பிரம்பால் விளாசினேன். "அது கத்தி இல்ல சார்" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. பிளேடைப் பள்ளிக் கிணற்றில் எறிந்தேன்.

"அதே மாதிரிதான் சார் இதுவும்" என்றார் அவர். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. அவருடைய அப்பாவுக்கு அப்போது பார்வை மங்கிக்கொண்டு வந்ததாம். நுணுக்கமாக ராவும் வேலையை மகனிடம் கொடுத்திருக்கிறார். மறுநாள் ஒரு பெட்டிக்குப் பீடிங் ஓட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததாம்.

நான் திண்ணையில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். முதலில் நல்லபடி இருந்த பீடிங்கின் வெட்டுமுகத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் வடிவத்தை எடுத்தார். பழைய கைரம்பத்தின் தகட்டில் ஒரு துண்டை வெட்டி, அந்த வடிவத்தைத் தலைகீழாகக் கீறினார். மரத்தில் மேடாக வர வேண்டியது இரும்பில் பள்ளமாக இருக்க வேண்டும். பிறகு உருண்டை அரத்தாலும் முக்கோண அரத்தாலும் ராவினார். ஆக்ஸா பிளேடு கடினம், அரம் வழுக்கும். அதுதான் கிடைக்கிறது என்றால் அடுப்பில் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் மெதுவாக ஆறவிட்டு ராவலாம் என்றார். நான் பிடுங்கியது அப்படிக் காய்ச்சிய பிளேடுதானாம்.

இழைப்புளி அலகைப் போல இதைச் சாய்த்துத் தீட்டக் கூடாது. முனை தகட்டுக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். இது சீவுவதில்லை, சுரண்டுகிறது. அதனால் தள்ளினாலும் வெட்டும், இழுத்தாலும் வெட்டும். ரேகை மாறி மாறி ஓடும் மரத்தில் இழைப்புளி சிராய் கிளப்பும் இடத்திலும் இது சாதுவாகப் போகும். வளைந்த சட்டத்திலும் ஓட்டலாம்.

கட்டையின் படியைச் சட்டத்தின் ஓரத்தில் அணைத்துப் பிடித்து, முதல் நாலைந்து தடவை வெறுமனே தடவுகிற மாதிரிதான் ஓட்டினார். ஒரு கோடு மட்டும் விழுந்தது. "முதல்லயே அழுத்தினா ரேகை இழுக்கிற பக்கம் ஓடிரும் சார். கோடு விழுந்த பிறகு அதுவே வழி காட்டும்." மெல்லிய சுருள்களாக வந்துகொண்டிருந்தது. வெறும் தூளாக வந்தால் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தமாம். வடிவம் முழு ஆழத்துக்கு வந்ததும் கட்டை மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது, அதற்கு மேல் வெட்டவில்லை. உப்புத்தாள் போடவில்லை. போட்டால் விளிம்புகள் மழுங்கிவிடுமாம். இழைப்புளிச் சுருளை ஒரு கை அள்ளி அதை வைத்தே அழுத்தித் தேய்த்தார். மினுமினுத்தது.

பொருத்தியபோது பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

மன்னிப்புக் கேட்டாயா என்று கேட்பீர்கள். கேட்டேன். "விடுங்க சார். பிளேடைத் தொலைச்சதுக்கு எங்கப்பாகிட்டயும் அன்னிக்கு வாங்கினேன்" என்று சிரித்தார். அவர் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. அது என்னாலா என்றும் கேட்டேன். "இல்ல சார், அப்பாவுக்குக் கண்ணு போயிருச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

2009 கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடிப்பதைத் தடை செய்தது. எங்கள் காலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் "என்னப்பா அது?" என்று ஒரு வார்த்தை கேட்க எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்காது. வட்டம் நடத்திய வகுப்பில் வட்டத்தை இரும்பில் செய்துகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

மீதியிருந்த ரம்பத் தகட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்து நானும் ஒன்று செய்தேன். கூலியின் பாக்கியை வாங்க வந்தபோது காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"முனை சாஞ்சிருக்கு சார். தொண்ணூறு வரல. மறுபடி ராவுங்க."

திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அரத்தை எப்படிப் பிடிப்பது என்று என் கையைப் பிடித்துக் காட்டினார்.