கொன்றவர் யார்?

கொடிசியா புத்தகத் திருவிழாவில் ஆவலோடு வாங்கிய, புதிய எழுத்தாளர் ஒருவரின் முதல் சரித்திர மர்ம நாவலை வாசித்து முடித்த நண்பர், நேற்று மாலை பேரூர்ப் படித்துறையில் என்னைக் கண்டதும், "ஏனுங்க, கொன்னது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்களே!" என்று அங்கலாய்த்தார். அதே நூலால் அதே ஏமாற்றத்துக்கு ஆளானவன்தான் நானும்.

ஆயினும், 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' நிறைவுற்றபோது, ஆதித்த கரிகாலனை வீழ்த்திய கரம் எவருடையது என்பது திட்டவட்டமாகத் தெரியாமலும், பாத்திரங்கள் பலரின் பிற்காலக் கதி விளங்காமலும் வாசகர்கள் அதிருப்தியுற, கல்கி முடிவுரை எழுதிச் சமாதானம் கூற நேர்ந்ததல்லவா? உடையார்குடிக் கல்வெட்டும் ரவிதாசன் முதலிய துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறதேயன்றி, அவர்களை ஏவியவர் உண்டா என்பதில் மௌனமே சாதிக்கிறது.

ஆனால் மௌனத்திலும் தாரதம்மியம் உண்டு. ஐந்து பாகங்கள் வந்தியத்தேவனோடு குதிரையேறித் திரிந்த ஆனந்தத்தைத் தந்துவிட்டுக் கல்கி மௌனமானார்; நம் புதியவரோ, மாண்டவன்மீது நமக்கு அனுதாபம் பிறக்குமுன்னரே மர்மத்தை மாத்திரம் நீட்டித்துவிட்டார். துக்கமே தோன்றாத மரணத்தில் துப்பறிவதற்கு என்ன இருக்கிறது?

இருப்பினும் நான் நிராசையடையவில்லை. கல்கியின் முதல் சரித்திர நாவலான 'பார்த்திபன் கனவி'ல் சிவனடியார் யாரென்பதைப் பள்ளிப் பருவத்திலேயே பாதிக் கதைக்குள் ஊகித்தவன் நான். அதன் பின்னும் கல்கியைக் கைவிட்டேனில்லை. இவருடைய இரண்டாவது நாவலுக்கும் காத்திருப்பேன்.