புழுவிற்கு இட்ட விருந்து

காய்கறித் தோட்டத்திற்கு வரும் பூச்சியைக் கொல்லுதற்கு மருந்துகள் பல உள. கொல்லுமுன் அதனை நாம் வேண்டிய இடத்திற்கு வருவித்துக்கொள்ளும் முறை ஒன்றும் உண்டு. பூச்சி மிக விரும்பும் வேறொரு பயிரை முதற்பயிரின் அருகே வைத்து, அதனை நாடிச் செல்லுமாறு செய்தலே அது. வேளாண் நூலார் இதனைப் பொறிப்பயிர் என்பர். தமிழ் பயிலும் எனக்கோ 'பார்வை' என்னும் பழஞ்சொல் நினைவிற்கு வருகின்றது. காட்டு மானைப் பிடித்தற்கு வேட்டுவன் கட்டிவைக்கும் பழகிய மானுக்குப் புறநானூற்றுக் காலத்தில் அதுவே பெயர். ஆயின் பார்வை மான் வேட்டை முடிந்தபின் வேட்டுவன் மனைக்குத் திரும்பும், பொறிப்பயிர் திரும்புவதில்லை.

என் பெரியப்பா ஓசூரை அடுத்த சிற்றூரில் ஓர் ஏக்கர் நிலத்தில் முட்டைக்கோசு பயிரிடுபவர். கோசுக்குப் பெரும்பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. சிறகை மடக்கி அமருங்கால் முதுகில் வைரம் போன்ற குறிகள் தோன்றுதலின் இப்பெயர் பெற்றது. அழகிய பெயர்தான், அதன் புழு இலையைச் சல்லடையாக்குவதைக் கண்டவர் அழகை மறந்துவிடுவர். இஃது எளிதில் அடங்குவதுமன்று. 1953-லேயே சாவகத் தீவில் டி.டி.டி. மருந்தை எதிர்த்து நின்றது. பின்னர் வந்த மருந்துகள் பலவற்றையும் அவ்வாறே வென்றது.

மருந்து தோற்குந்தோறும் அளவு கூடும். அளவு கூடுந்தோறும் அதனைச் சுமப்பவர் உடல் தேயும். சென்ற ஆண்டு மாசித் திங்களில் பெரியப்பா தெளிப்பானை முதுகிற் சுமந்தவாறே வரப்பிற் சாய்ந்தார். நான்கு நாட்கள் மருத்துவமனையிற் கிடந்து மீண்டார். பெரியம்மா தெளிப்பானைப் பரணில் ஏற்றிவிட்டு, "கோசு போனாற் போகட்டும்" என்றார். கோசு போனால் அக்காளின் செவிலியர் படிப்பும் போகும் என்பதை வீட்டில் யாவரும் அறிவோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்நிலையிற்றான் கடுகு எங்கள் தோட்டத்திற்கு வந்தது. ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் பல்லாண்டுகட்கு முன்னரே வகுத்த முறை இது. 25 வரிசைக் கோசுக்கு இரண்டு வரிசைக் கடுகு. அவற்றுள் ஒன்றைக் கோசு நாற்று நடுதற்கு 15 நாள் முன்னும், மற்றதை நட்டு 25 நாள் சென்றபின்னும் விதைத்தல் வேண்டும். முன்னது முற்றுங்கால் பின்னது இளந்தளிரோடு நிற்கும், விருந்து இடையறாது. கடுகும் கோசும் ஒரே குடும்பத்துச் செடிகள். இரண்டிலும் காரமான பொருள்கள் உள. அவற்றின் மணங்கொண்டே தாய் அந்து முட்டையிடும் இடத்தைத் தேர்கின்றது. கடுகின் மணம் அதற்கு மிக இனிது.

"விற்காத பயிருக்கு நிலமா?" என்றார் பெரியப்பா. நியாயமான வினாவே. விளையும் நிலத்தைப் புழுவிற்கு எழுதிக்கொடுக்க எவர்க்குத்தான் மனம் வரும்? பெரியம்மா விடை கூறாது தாமே விதைத்தார்.

இம்முறையின் உயிர்நிலை விதைப்பதில் இல்லை. அடுத்த தோட்டத்தார் ஒருவர் கடுகை விதைத்ததோடு அமைந்துவிட்டார். அந்துகள் வந்து முட்டையிட்டன. புழுக்கள் கடுகைத் தின்று கொழுத்துக் கூடு கட்டின. அந்துகளாய்க் கோசின்மேற் பறந்தன. காவலில்லாத பொறி தொட்டிலாகிவிடுகின்றது. பெரியம்மாவோ நாள்தோறும் விடியலில் கடுகின் இலைகளைப் புரட்டிப் பார்ப்பார். புழு மிகுந்த செடிகளைப் பிடுங்கிச் சாக்கிலிட்டுக் குழியிற் புதைப்பார். ஒருநாள் அக்காள் கீரைக்கென்று கடுகந்தளிர் பறிக்கச் சென்றாள். "அது அவற்றின் பங்கு, தொடாதே" என்று தடுத்துவிட்டார். பரணிலிருந்த தெளிப்பான் பின்னர் இறங்கியது உண்மையே. ஆயின் அதில் நிறைந்தது வேப்பங்கொட்டைச் சாறு.

மேனாட்டார் ஆராய்ந்த பார்பேரியா என்னும் மஞ்சட்பூச் செடியில் அந்து விரும்பி முட்டையிடும். பொரிந்த புழுக்களோ அதனைத் தின்று பிழைப்பதில்லை. காவல் வேண்டாத பொறி அது. எங்கள் ஊரில் அச்செடி இல்லை. பெரியம்மாவின் கண்களே உள்ளன.

மிளகாய்த் தோட்டத்தின் ஓரத்தில் ஆமணக்கை நட்டுப் புகையிலைப் புழுவை அதில் திரட்டுவதும், தக்காளி 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டுக் காய்ப்புழுவின் தாயைப் பூவிற்கு ஈர்ப்பதும் இவ்வகையினவே. செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாளும் தக்காளி நாற்றுக்கு 25 நாளும் வயது இருத்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே பூத்தாலன்றிப் பயனில்லை.

எங்கள் கோசு பழுதின்றி விளைந்ததென்று சொல்லேன். வெளியிலைகளில் துளைகள் இருந்தன. உள்ளே தலை திரண்டு வெளுத்திருந்தது. அக்காளின் கட்டணம் கட்டியாயிற்று. இடையே விலை வீழ்ந்தது வேறு கதை. சந்தைக்குப் பொறிப்பயிர் கண்டவர் இலர்.

இவ்வாண்டு பெரியப்பாவே கயிறு பிடித்து 25 வரிசை எண்ணிக் கடுகிற்கு இடம் விட்டிருக்கின்றார். தோட்டத்தின் முதலும் முடிவுமான வரிசைகளும் கடுகாதல் வேண்டும் என்பது முறை. அதற்கு மட்டும் அவர் இன்னும் இசையவில்லை, பெரியம்மாவும் விடுவதாயில்லை.